அட்டை வாங்க வேண்டாம், அம்மா

கேள்வி (நவம்பர் 2021, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்): என் மகனுக்கு 20 வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுத்தவன், கோவிட் ஊசி என்றால் மட்டும் முடியாது என்கிறான். அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தில் ஊசி போட்டதற்குச் சான்று கேட்பார்களாம். 600 ராண்ட் கொடுத்தால், ஊசி போடாமலே போட்டதாக அட்டை கிடைக்கும் என்கிறான் அவன் நண்பன். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அட்டை வெறும் காகிதம். பல்கலைக்கழகம் கேட்கப்போவது அரசுப் பதிவிலிருந்து வரும் சான்றிதழை. பதிவில் இல்லாத ஊசி அதில் வராது. "உள்ளே ஆள் இருக்கிறார், பதிவிலேயே ஏற்றிவிடுவார்" என்றால் இன்னும் மோசம். நாளைக்குப் பையன் மனம் மாறி ஊசி போடப் போனால், உனக்கு ஏற்கெனவே போட்டாயிற்று என்று திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் அட்டை விற்கும் தரகர் முதலில் கேட்பது 13 இலக்க அடையாள எண்ணைத்தான். அதை வைத்து உங்கள் பையன் பேரில் யாரோ கடன் வாங்கினால் யாரிடம் போய் நிற்பீர்கள்? ஊசியோ இலவசம். வரிசையில் இடம் பிடித்துத் தருகிறேன் என்பவனுக்கும் பத்து காசு கொடுக்காதீர்கள்.

அலகு குத்தியவனுக்கு ஊசி பயமில்லை, நம்பிக்கைதான் இல்லை. அதில் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. பிப்ரவரியில் அஸ்ட்ராஜெனெகா ஊசி வந்து இறங்கிய ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். ஏப்ரலில் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசியை இரண்டு வாரம் நிறுத்தினார்கள். கோவிட் விளம்பர ஒப்பந்தத்தில் 15 கோடி ராண்ட் விவகாரம் வெடித்து, ஆகஸ்டில் சுகாதார அமைச்சரே பதவி விலகினார். அதே மாதம் 20-ம் தேதிதான் 18 வயதுக்காரர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். அதுவரை "உங்களுக்கு அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு, இப்போது ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள்!

இந்த வயதில் டாக்டர் சொல்வதைவிடக் கூட்டாளி செய்வதுதான் எடுபடும். என்னிடம் ஊசி போட வந்த ஒரு பெண்ணிடம் ஏன் வந்தாய் என்றேன். "என் ரூமில் மூன்று பேர் போட்டாச்சு, யாருக்கும் ஒன்றும் ஆகலே" என்றாள். அவ்வளவுதான் காரணம். உங்கள் மகனோடு வாதம் செய்யாதீர்கள். போட்டுக்கொண்ட நண்பன் ஒருவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய், அதையும் அந்த நண்பனே சொல்லட்டும்.

ஒவ்வாமை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், தெளிவாகச் சொல்கிறேன். எறால் தின்றால் தடிக்கிறதா? போடலாம். முட்டையா? போடலாம். பென்சிலினா? அதற்கும் போடலாம், ஆனால் முன்பே சொல்லிவிடுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சு அடைத்து, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடியது உண்டா? அப்போது மட்டும் டாக்டரைப் பார்க்காமல் போகாதீர்கள். மற்றவர்கள் போட்டபின் 15 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும், ஒவ்வாமைக்காரர்கள் 30 நிமிடம். வேலை இருக்கிறது என்று எழுந்து ஓடக் கூடாது.

இப்போதைய (நவம்பர் 2021) விதிப்படி ஃபைசருக்கு இரண்டு ஊசி, நடுவில் 42 நாள். டிசம்பர் 1 அன்று போட்டால் அடுத்தது ஜனவரி 12. ஜான்சன் ஒரே ஊசி. அடையாள அட்டையையும் அவன் போனையும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள், பதிவு எண் போனுக்குத்தான் வரும்.