சீக்கியவியலில் இளநிலை ஆய்வு நல்கை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இளநிலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் தமிழ் மாணவன் நான். வரும் கோடையில் ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலோடு சீக்கியவியலில் ஆய்வு நல்கை பெற விரும்புகிறேன். நான் சீக்கியன் அல்லன், பஞ்சாபியும் தெரியாது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். பொதுப் பல்கலைக்கழகங்களின் இளநிலை ஆய்வு நல்கைகளுக்கு மதம் ஒரு தகுதியாக வைக்கப்படுவதில்லை. கேள்வி தெளிவாக உள்ளதா, கோடைக்குள் முடியுமா, பொறுப்பேற்க ஒரு பேராசிரியர் இருக்கிறாரா என்பவற்றையே தேர்வுக் குழு பார்க்கும். பஞ்சாபி தெரியாதது தடையாகாது என்றாலும், எந்தத் தலைப்பைத் தொடலாம் என்பதை அதுவே பெரிதும் முடிவு செய்யும்.

சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பின் பாடல்களுக்குப் பொருள் காணும் ஆய்வை முதல் முயற்சியாக எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குரு அர்ஜன் 1604இல் தொகுத்த ஆதி கிரந்தத்திலிருந்து வளர்ந்த அந்த 1,430 பக்க நூலில், குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ஷேக் ஃபரீத் போன்றோரின் பாடல்களும் இடம்பெறுகின்றன. பல வட்டார வழக்குகள் கலந்த அதன் மொழி இன்றைய பஞ்சாபியிலிருந்து வெகுவாக வேறுபட்டது. அந்நூல் எழுதப்பட்டுள்ள குர்முகி எழுத்துகளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம்; அந்த மொழிக்கு ஆண்டுகள் வேண்டும்.

ஆனால் நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே, ஆங்கில ஆதாரங்களைக் கொண்டு ஆராயத்தக்க வளமான சீக்கிய வரலாறு ஒன்று கிடக்கிறது. ஸ்டாக்டன் நகரின் குருத்துவாரா (சீக்கியர் வழிபாட்டிடம்) 1912இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த கதர் (Ghadar, ‘கிளர்ச்சி’) இயக்கத்தின் இதழ் வெளிவரத் தொடங்கியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்டுக்குக் குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956இல் தலிப் சிங் சௌந்த் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியுரிமை பெறத் தகுதியற்றவர் விவசாய நிலம் வாங்குவதைக் கலிஃபோர்னியாவின் 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்ததால், திண்ட் தீர்ப்பு சீக்கிய விவசாயிகளின் நிலத்தையும் நேரடியாகப் பாதித்தது.

இங்கிருந்து தலைப்பைச் சுருக்க வேண்டும். ‘அமெரிக்கச் சீக்கியரின் அடையாளம்’ என்று எழுதினால் எந்தக் குழுவும் நம்பாது. ‘1923 தீர்ப்புக்குப் பின் ஆறு மாதங்களில் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கின் செய்தித்தாள்கள் சீக்கிய விவசாயிகளின் நிலவுரிமை பற்றி எழுதியவை’ என்றால், பத்து வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை கண்முன் தெரியும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகம் நடத்தும் கலிஃபோர்னியா எண்மச் செய்தித்தாள் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘சீக்’ என்று மட்டும் தேடி ஏமாந்துவிடாதீர்கள். அன்றைய நாளேடுகள் இந்தியர் அனைவரையும் பெரும்பாலும் ‘ஹிந்து’ என்றே குறிப்பிட்டு வந்தன. பெர்க்லியின் பான்கிராஃப்ட் நூலகத்தில் வட அமெரிக்கத் தெற்காசியர் பற்றிய தனித் தொகுப்பும் உண்டு.

வழிகாட்டியைப் பொறுத்தவரை, ஹார்வர்டு தமிழ் இருக்கையைப் போலவே கொடையாளர்களின் நிதியால் அமைந்த சீக்கியவியல் இருக்கைகள் ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ், இர்வைன் வளாகங்களில் உள்ளன. ஆயினும் நல்கை பெரும்பாலும் உங்கள் வளாகத்துப் பேராசிரியரின் ஒப்புதலைக் கேட்கும். அங்கே சீக்கியவியலாளர் இல்லையெனில், குடியேற்ற வரலாறோ அமெரிக்கச் சட்ட வரலாறோ கற்பிப்பவரை முதன்மை வழிகாட்டியாகக் கொண்டு, இருக்கைப் பேராசிரியரிடம் வாசிப்புப் பட்டியலுக்கு மட்டும் உதவி கேளுங்கள். சீக்கியவியல் என்ற பெயர் தாங்கிய நல்கைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சாண்டா பார்பராவின் இளநிலை ஆய்வு மற்றும் படைப்பாக்க நல்கை போன்ற பொது நிதிகளுக்கு உங்கள் சொந்தத் தலைப்போடு விண்ணப்பிக்கலாம். பெர்க்லியின் ஆய்வுப் பயிற்சித் திட்டத்திலோ பேராசிரியர் ஏற்கெனவே நடத்தும் ஆய்வில் சேர்ந்து பழகலாம்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் கேள்வி, நீங்கள் ஏற்கெனவே பார்த்த இரண்டு மூன்று ஆதாரங்கள், அவருடைய எந்தக் கட்டுரை உங்களை அவரிடம் கொண்டுவந்தது என்ற மூன்றும் போதும். செய்தித்தாள் பக்கங்கள் சிலவற்றை முன்கூட்டியே படித்துக் குறிப்பெடுத்து இணைத்தால், வெறும் ஆர்வத்தைச் சொல்லும் கடிதங்களுக்கிடையே உங்களுடையது தனித்து நிற்கும்.

முதியவர்களை நேர்காண எண்ணினால், மனிதர் சார்ந்த ஆய்வுக்கான நெறிமுறை ஒப்புதல் தேவையா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே வழிகாட்டியிடம் கேளுங்கள். அது கோடையின் பாதியை விழுங்கிவிடக்கூடும். குருத்துவாரா நிர்வாகக் குழுவிடம் முறையாக அனுமதி பெற்று, தலையை மூடி, காலணியைக் கழற்றிச் செல்லுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்தால் பெரியவர்கள் சிலவற்றைச் சொல்லத் தயங்குவார்கள். வெளியாள் ஒருவருக்கான ஊதியத்தைச் செலவுத் திட்டத்தில் சேருங்கள். பதிவின் பிரதியைப் பேசியவருக்குத் திருப்பித் தருவதாக முன்வரைவிலேயே எழுதி, அதற்கான நாள்களையும் கால அட்டவணையில் ஒதுக்கிவிடுங்கள்.