இரண்டே கதவு உள்ள வீடு

மேற்படிப்புக்கு வழி கேட்டு என்னிடம் வந்தது திண்டிவனம் பக்கத்துக் குடும்பம். அப்பா, அம்மா, தாய்மாமன், கடைசி நாற்காலியில் பையன். பேசியது முழுக்க மாமன்தான். "நீட்டில் தகுதி மதிப்பெண் வந்தது, இடம் வரவில்லை. இனி வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்." அப்பா நிலத்தை விற்க ஆள் பார்த்துவிட்டாராம்.

முதல் ஐந்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். நிலம் என்று காதில் விழுந்ததும் நிறுத்திவிட்டேன்.

"இது இல்லையென்றால் அது" என்று சொல்கிறவரிடம், இரண்டுதான் என்று எண்ணிச் சொன்னது யார் என்று கேளுங்கள். மாமனிடம் சான்று ஒன்றும் இருந்தது: சம்பந்தி வீட்டுப் பையன் வெளிநாட்டில் படித்து வந்து கிளினிக் வைத்திருக்கிறான். கிளினிக் வைத்தவனைத்தான் கல்யாண வீட்டில் அறிமுகம் செய்வார்கள். திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க முடியாமல் மூன்றாம் முறை எழுதுகிறவன் பந்தியில்கூடக் கண்ணில் படமாட்டான். அந்தத் தேர்வில் நான்கில் ஒருவர்கூடத் தேறாத பருவங்கள் பல. குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கே ஓராண்டுப் பயிற்சி, தேறினால் இங்கே மறுபடியும் ஓராண்டு. நிலத்தை விற்காதீர்கள் என்று நேராகவே சொன்னேன். மாமன் முகம் சுருங்கியது, சுருங்கட்டும்.

பிறகு பையனிடம் வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டேன். மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டிக் கப்பி என்ற சின்ன வண்ணமீன் வளர்க்கிறான். ஒருநாள் விடியற்காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தனவாம். "ராத்திரி பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது சார், அதனால் காற்று மோட்டார் வைத்தேன்" என்றான். இறால் பண்ணைக்காரர்கள் விடியுமுன் எழுந்து குளத்து நீரை அளப்பது இதே காரணத்துக்காகத்தான்.

மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம், பி.எஃப்.எஸ்சி., நான்கு ஆண்டு. தமிழ்நாட்டில் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில், நீட் வேண்டாம். தூத்துக்குடிக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. பொன்னேரியிலும் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் கல்லூரிகள் உண்டு. மீன் வளர்ப்பு, மீன் நோய்கள், பதப்படுத்தல், வலையும் படகும் எல்லாம் பாடம். இறால் குஞ்சைக் குளத்தில் விடுமுன் இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்வார்கள். மாமன் இளக்காரமாகச் சொன்ன பரிசோதனைக்கூடம் இங்கேயும் இருக்கிறது. ஆனால் சோதனை தவறினால் ஒரு குளமே செத்து மிதக்கும். படித்தவர்களுக்குக் குஞ்சுப் பொரிப்பகம், தீவன நிறுவனம், ஏற்றுமதி ஆலை, மாநில மீன்வளத் துறை என்று வேலை இருக்கிறது. மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் தொழிலே ஒரு பேட்டை.

குறைகளையும் சொன்னேன். இடங்கள் குறைவு, கட்-ஆஃப் ஏறும். பண்ணை வேலை சேற்றிலும் உப்புக் காற்றிலும்தான். பெயருக்கு முன்னால் "டாக்டர்" உடனே ஒட்டாது. அம்மா முதல்முறையாக வாய் திறந்தார்: "அவன் தொட்டி கழுவாத நாளே இல்லை சார்."

வெளிநாட்டில் இடம் வாங்கித் தரும் முகவருக்கு முன்பணம் தரும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். மரக்காணம் அவர்களுக்குப் பக்கம்தான். ஒரு விடியற்காலை பையனை அங்கே ஒரு பொரிப்பகத்துக்கு அழைத்துப் போகட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினால் வேறு படிப்பு பார்க்கலாம்.