காதுக்குள்ளே செருகலாமா? விமானி வாசகர்களின் ஹெட்செட் கேள்விகள்

என் மகள் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் விமானப் பயிற்சி எடுக்கிறாள். கண்ணாடி போடுபவள். ஒரு மணி நேரம் பறந்து இறங்கினால் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று வலிக்கிறதாம். காதுக்குள் செருகும் ஹெட்செட் வாங்கித் தரலாமா? (வாசகி, திருநெல்வேலி)

தரலாம். இந்த வகை ஹெட்செட்டால் அதிக லாபம் கண்ணாடி போடுகிறவர்களுக்குத்தான். வழக்கமான ஹெட்செட்டில் காதை மூடும் பெரிய கிண்ணத்துக்கும் தலைக்கும் நடுவில் கண்ணாடியின் பக்கக் கம்பி மாட்டிக்கொள்கிறது. அது பொட்டை அழுத்துகிறது, அந்த இடுக்கு வழியாக இரைச்சலும் உள்ளே வருகிறது. 172-ன் காக்பிட்டில் இரைச்சல் 90 டெசிபெலை ஒட்டி இருக்கும். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு 85 டெசிபெலில் 8 மணி நேரம் வரை என்று வரம்பு சொல்கிறது, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 94-ல் ஒரு மணி நேரம்தான். அதனால் வலிக்கு மட்டுமல்ல, காதுக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் உடனே ஆர்டர் போடாதீர்கள். காதுத் துளைக்குள் ஒரு பொருள் இறுக்கி உட்கார்ந்திருப்பதைச் சிலரால் பத்து நிமிடம்கூடப் பொறுக்க முடியாது. மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிற ஃபோம் காதடைப்பான் ஒன்றை வாங்கி, வீட்டில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். அது ஒத்துக்கொண்டால் இதுவும் ஒத்துக்கொள்ளும். இன்னொன்று, பயிற்சியின் ஆரம்ப மாதங்களில் ஹெட்செட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே பொழுது போகும், ஒவ்வொரு தடவையும் ஃபோமை உருட்டிச் செருக வேண்டும் என்றால் எரிச்சலாக இருக்கும். நானாக இருந்தால் சோலோ (ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறப்பது) முடியும்வரை பயிற்சிப் பள்ளியின் ஹெட்செட்டோடு ஒப்பேற்றிவிட்டு அப்புறம் வாங்குவேன்.

வாங்கும்போது கிளாரிட்டி அலாஃப்ட், ஹேலோ போன்ற ஃபோம் முனை வைத்தவற்றைப் பாருங்கள். பேட்டரி கிடையாது, ஃபோம் அடைப்பதுதான் அவற்றின் இரைச்சல் தடுப்பு. போஸ் புரோஃப்ளைட் நல்ல பொருள்தான், ஆனால் அது ஜெட் காக்பிட்டை மனதில் வைத்துச் செய்தது, பிஸ்டன் இன்ஜின் உறுமலுக்கு அல்ல. பிளக்கையும் கேட்டு வாங்குங்கள். 172-க்கு இரண்டு பிளக், கேட்பதற்குத் தடித்தது ஒன்று, மைக்குக்குச் சற்று மெலிந்தது ஒன்று. ஹெலிகாப்டருக்கு ஒற்றைப் பிளக், ஏர்பஸ்ஸுக்கு ஐந்து முள் எக்ஸ்எல்ஆர். பழைய செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்பட்டு வாங்கிவிட்டு அடாப்டர் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் அமைதியாக இருந்தது, இப்போது இன்ஜின் சத்தம் அப்படியே கேட்கிறது. செட் பழுதா? (மாணவர், சேலம்)

செட்டில் பழுதாக ஒன்றும் இல்லை, உங்கள் ஃபோம்தான் செத்துப்போயிருக்கும். ஒரு முனையைக் கழற்றி விரலால் நசுக்கிவிட்டு விடுங்கள். மெதுவாக ஊதி பழைய உருவத்துக்கு வந்தால் உயிர் இருக்கிறது. நசுங்கியபடியே கிடந்தாலோ, படக்கென்று துள்ளி விரிந்தாலோ மாற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலில், வியர்வையில், காதுக் குறும்பியில் அது சீக்கிரம் போய்விடும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், ஃபோம் கெட்டுவிடும்.

மாட்டும் விதமும் முக்கியம். சுருக்கம் விழாமல் ஒரு மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், துளை நேராகும். செருகிவிட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பலரும் ஐந்து விநாடியில் கையை எடுத்துவிடுகிறார்கள், ஃபோம் விரியும்போது தானாகவே வெளியே நழுவிவிடுகிறது. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதுகளைப் பொத்துங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் அடைப்பு சரியில்லை என்று அர்த்தம்.

பேசும்போது என் குரல் எனக்கே பானைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. கட்டுப்பாட்டு டவரில் இருப்பவரோ 'சே அகெய்ன்' (திரும்பச் சொல்லுங்கள்) என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

இவை இரண்டும் தனித்தனி வியாதி. முதலாவதற்குப் பயப்படாதீர்கள். விரலால் காதை அடைத்துக்கொண்டு 'ஆ' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'ஈ', 'ஊ' சொல்லுங்கள், பின்னிரண்டும் மண்டைக்குள் முழங்கும். காது அடைபட்டால் எலும்பு வழியாக வரும் குரல் வெளியேற வழியில்லாமல் போவதால் வருவது இது. ஃபோமை இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினால் குறையும், மிச்சம் பழகிவிடும். தாழ்ந்த குரலில் பேசிவிடாதீர்கள், அதுதான் ஆபத்து. உங்களுக்குள் சத்தமாகக் கேட்பதால் குரலைத் தாழ்த்துகிறீர்கள், டவருக்கோ ஒன்றும் போய்ச் சேர்வதில்லை.

இரண்டாவது கோளாறு பெரும்பாலும் மைக்கில். உதட்டிலிருந்து கால் அங்குலம், கிட்டத்தட்ட முத்தமிடும் தூரம். இந்த வகை செட்டில் மைக் தண்டு மெல்லியது, தலையைத் திருப்பித் திருப்பி வேறு விமானம் வருகிறதா என்று பார்க்கும்போது நகர்ந்துவிடும். என்னிடம் படித்த ஒரு பையன் மூன்று சர்க்யூட் (ஓடுபாதையைச் சுற்றி வரும் சுற்று) முழுக்கக் கத்திக்கொண்டே பறந்தான். இறங்கிப் பார்த்தால் மைக்கின் மேல் உள்ள பஞ்சு உறைக்குள் மைக் திரும்பிக் கிடந்தது, உதட்டைப் பார்க்க வேண்டிய முகம் கண்ணாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரைச்சல் தடுக்கும் மைக்குக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. உறையைக் கழற்றி, பேசும் பக்கத்துக்கான குறி உதட்டை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்துக்குள் ஒருவரோடொருவர் பேசும் இன்டர்காமில் வாக்கியத்தின் முதல் எழுத்து வெட்டுப்பட்டால், அதன் ஸ்க்வெல்ச் குமிழைக் (பேசாதபோது மைக்கை அடைத்துவைப்பது) கொஞ்சம் திறந்து பாருங்கள், அது நிற்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது.

ஸ்டீரியோ/மோனோ சுவிட்சைத் தேடி மோனோவுக்குத் தள்ளுங்கள். பயிற்சி விமானங்களில் அடிக்கடி இதுதான் காரணம். அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கடைசிவரை அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் காதுக்குள் சத்தம் கொண்டுவரும் குழாயில் குறும்பி அடைத்திருக்கும்.

ஏ320-ல் துணை விமானி. இறங்கும்போது காது வலிக்கிறது. ஹெட்செட்தான் காரணமா? (சென்னை)

இருக்கலாம். காது முழுக்க அடைபட்டிருந்தால் செவிப்பறைக்கு வெளியே இருக்கும் காற்று, மாறும் அழுத்தத்தோடு சமனாகாது. மூக்கைப் பொத்தி ஊதுவது செவிப்பறைக்கு உள்பக்கத்தை மட்டும்தான் சரிசெய்யும், வெளிப்பக்கத்தை அல்ல. இறங்கத் தொடங்கிய பிறகு, வேலை குறைவாக இருக்கும் உயரத்திலேயே, அவ்வப்போது ஒவ்வொரு முனையையும் ஒரு கணம் தளர்த்திவிட்டுத் திரும்பச் செருகுங்கள். அப்ரோச்சில் (ஓடுபாதையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில்) செய்யாதீர்கள். சளி பிடித்திருந்தால் பறக்கவே வேண்டாம், மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டு பறப்பதும் வேண்டாம். இரண்டு மூன்று தடவைக்கு மேல் வலித்தால் காது மருத்துவரைப் பாருங்கள், குறும்பி அடைத்திருந்தால் அவர் எடுத்துவிடுவார். பட்ஸை விட்டுக் குடையாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

போனுக்கு வாங்கிய ப்ளூடூத் இயர்பட்ஸில் நாய்ஸ் கேன்சலிங் இருக்கிறதே, அதை வைத்தே ஒப்பேற்றலாமா?

முடியாது. அதை விமானத்தின் ஜாக்கில் எங்கே செருகுவீர்கள்? விமான மைக்குக்கு இன்டர்காம் பக்கமிருந்து மின்னழுத்தம் வர வேண்டும், உங்கள் இயர்பட்ஸின் மைக்குக்கு அதுவும் தெரியாது, அழுத்தினால் ரேடியோவில் பேச வைக்கும் பிடிடி பொத்தானும் தெரியாது. இறங்கிய பிறகு பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.