மீன்கறியை ஐஸ்கிறீம் பெட்டியில வைக்கலாமா டொக்டர்?

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அஞ்சு மாசக் கர்ப்பிணியாம், மிஞ்சிற மீன்கறியை சூட்டோட பழைய ஐஸ்கிறீம் பெட்டியில ஊத்தி பிரிட்ஜில வெச்சு மற்றநாள் பெட்டியோடயே மைக்ரோவேவ்ல சூடாக்கிறாவாம். பெட்டி மஞ்சளாப் போயிட்டு, கேன்சர் வரும் எண்டு மாமி ஏசுறாவாம்.

தங்கச்சி, சாப்பிட்டதை நினைச்சு நித்திரையைக் கெடுக்காதீங்க. அந்தப் பெட்டியால கேன்சர் வரும் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா மாமி சும்மா ஏசல்ல. பிளாஸ்டிக்கில சேர்க்கிற ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமா சாப்பாட்டுக்குள்ள இறங்கும், சூடு, எண்ணெய், புளி இருந்தா இன்னும் கூட இறங்கும், நம்மட தேங்காப்பால் விட்ட மீன்கறியில மூணுமே இருக்கு. எல்லாப் பிளாஸ்டிக்கிலயும் ஒரே சாமான் இல்லதான், ஆனா பிஸ்பினோல் ஏ, சில தாலேட் மாதிரியான பிளாஸ்டிக் ரசாயனங்கள் உடம்பில ஹோர்மோன் வேலையைக் குழப்பக்கூடியது, அதாலதான் வயித்தில பிள்ளை இருக்கிற நேரம் கூடக் கவனம் வேணும் எண்டுறது. பிள்ளைகளின்ட பால் போத்தல்ல பிஸ்பினோல் ஏ பாவிக்கிறதை ஐரோப்பாவில 2011லயே தடை செஞ்சிட்டாங்க.

மஞ்சள் நிறம் நஞ்சு இல்ல, மஞ்சள்தூள்ட நிறம் எண்ணெயில கரைஞ்சு பிளாஸ்டிக்குக்குள்ள போயிருக்கு, அவ்வளவுதான். ஆனா கீறல் விழுந்து மணக்கிற பெட்டியெண்டா எறிஞ்சிருங்க. அடியில முக்கோணத்துக்குள்ள என்ன வகைப் பிளாஸ்டிக் எண்டு காட்டுற இலக்கம் இருக்கும், அது 5 எண்டா சாப்பாட்டுக்குப் பரவாயில்ல, 2, 4 ஆறின சாமானுக்கு ஓகே, 1 சோடாப் போத்தல், அதுக்குள்ள சுடுதண்ணி விடவே வேணாம், 3, 6, 7 சூட்டுக்குக் கிட்டயும் கொண்டு போகாதீங்க. மைக்ரோவேவ்ல வைக்கலாம் எண்டு போட்டிருந்தாலும் உருகாது எண்டதுதான் முக்கியமா அதுக்கு அர்த்தம், ஒண்டுமே இறங்காது எண்டு இல்ல. கறியை பீங்கான் கோப்பையிலயோ கண்ணாடிப் பாத்திரத்திலயோ மாத்திச் சூடாக்குங்க.

இதுக்காக ஆறட்டும் எண்டு கறியை இரவு முழுக்க அடுப்படியில விட்டுராதீங்க, அது பிளாஸ்டிக்கை விடக் கூடாத வேலை. திருகோணமலை வெயில்ல, 32 பாகைக்கு மேல எண்டா, ஒரு மணித்தியாலத்துக்கு மேல வெளிய வைக்கவே கூடாது. எவர்சில்வர் சட்டியில பரவி ஊத்தி பச்சைத்தண்ணியில இறக்கி வைங்க, டக்கெண்டு ஆறிரும், அப்பிடியே மூடி பிரிட்ஜில வைங்க. சூரை, கும்பளா வாங்கினா இன்னும் கவனம், ஐஸ் இல்லாமக் கிடந்த மீன்ல ஹிஸ்டமின் எண்ட ஒவ்வாத ரசாயனம் ஊறும், பிறகு எவ்வளவு கொதிக்க வெச்சாலும் அது போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில முகம் சிவந்து, உடம்பு கடிச்சு, தலையிடிச்சு, சத்தியும் வந்தா பாத்துக்கொண்டிருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.