தாளிப்புப் புகையும் சீலிங் பெயிண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வெள்ளகோவிலிலிருந்து ஒரு இல்லத்தரசி): அண்ணா, வீடு கட்டி எட்டு வருசம் ஆச்சுங்க. அடுப்படி பத்துக்குப் பன்னிரண்டு அடி. சீலிங்குக்கு வெள்ளை மேட் அடித்திருந்தோம். இப்போது அடுப்புக்கு நேர் மேலே பழுப்பேறி, விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஆயில் பெயிண்ட் அடித்துவிட்டால் துடைத்துக்கொண்டே இருக்கலாம் என்கிறார் பெயிண்டர். கடைக்காரரோ சீலிங் என்றால் மேட்தான் என்று டப்பாவை எடுத்தே வைத்துவிட்டார். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் சாட்டின் வாங்கச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்கிறதுங்க?

பதில்: மகன் பேச்சைக் கேளுங்க அம்மிணி. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாமல் அடித்தால் சாட்டினும் ஒரு வருசத்தில் தோலுரிந்து வரும். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மேட் ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம். சாணி மெழுகின வாசலில் எண்ணெய் சிந்தினால் என்ன ஆகும், காவி போட்டு மெருகேற்றின திண்ணையில் சிந்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட் பெயிண்டில் வெள்ளைப் பொடியும் சுண்ணாம்புக்கல் மாவும் அதிகம், அவற்றைப் பிடித்து வைக்கிற பிசின் குறைவு. அதனால் காய்ந்தபின் மேல்பரப்பு நுணுக்கமாகச் சொரசொரத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு இருக்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால்தான் மினுமினுப்பே இல்லை, அதே துளைகளில்தான் தாளிப்பு எண்ணெயும் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிசின் கூடக்கூட பரப்பு மூடிக்கொண்டு வழவழப்பாகும், மினுங்கும், துடைத்தால் அழுக்கு கையோடு வரும். மேட், சாஃப்ட் ஷீன், சாட்டின், செமி கிளாஸ், கிளாஸ் என்று கடையில் அடுக்கிச் சொல்கிற பெயர்களெல்லாம் இந்த ஒரு விசயத்தின் ஏறுவரிசைதான்.

அந்தப் பிசுபிசுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. சூரியகாந்தி எண்ணெய் மாதிரியானவை சூட்டிலும் காற்றிலும் மெல்ல இறுகிப் படலமாகும் குணமுள்ளவை. அந்தக் காலத்து ஆயில் பெயிண்ட் ஆளி விதை எண்ணெயில் காய்ந்ததும் இதே வழியில்தான். ஆகவே உங்கள் சீலிங்கில் எட்டு வருசமாக வடையும் முறுக்கும் தங்கள் பங்குக்கு ஒரு கோட் அடித்து வைத்திருக்கின்றன. தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது, கொழகொழவென்றே கிடக்கும்.

கடைக்காரர் மேட் கொடுத்தது ஏமாற்று வேலை இல்லைங்க. நம் ஊர் கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தில், கான்கிரீட் கொட்டும்போது அடியில் கொடுத்த சென்ட்ரிங் தகடு சேர்ந்த கோடு, பட்டி (சமமாக்கப் பூசுகிற மாவு) பார்த்ததில் விட்ட மேடுபள்ளம் எல்லாம் இருக்கும், அதை மேட்தான் மறைக்கும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நானும் அதையே சொல்வேன். அடுப்படி வேறு கதை.

அப்புறம் ஆயில் பெயிண்ட். இதில் சொந்தமாகப் பட்டவன் நான். காங்கேயம் பக்கத்து ஊர்வீட்டில், அம்மாவின் அடுப்படி சீலிங்குக்குக் கைமிச்சமாக இருந்த வெள்ளை எனாமலை, அதாவது ஆயில் பெயிண்டை, நானே அடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். மேலே மொட்டை மாடியில் தண்ணீர் நின்று ஈரம் இறங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. எனாமல் படலம் ஈரத்தை வெளியே விடாது, போதாததற்கு ஈர சிமெண்டின் காரம் அந்த எண்ணெயைச் சோப்பு மாதிரி ஆக்கிவிடும். ஐப்பசி மழைக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, ஒருநாள் அரிசிம்பருப்புச் சாதம் இறக்கி வைத்திருந்த நேரம் பார்த்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் உரிந்து சட்டிக்குள் விழுந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, சட்டியை அப்படியே எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்த வெள்ளையும், வெளிச்சம் படாத அட்டாலிப் (பரண்) பக்கம் மஞ்சளாகிப் போயிருந்தது. எனாமலின் குணம் அது, இருட்டில் மஞ்சளிக்கும்.

ஆகவே தண்ணீரில் கலக்கிற எமல்ஷனிலேயே சாஃப்ட் ஷீன் அல்லது சாட்டின். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வேலை செய்யுங்கள். அடுப்படி லைட்டை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, போன் டார்ச்சை சீலிங்கோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்துப் பிடியுங்கள். மேடுபள்ளம் எல்லாம் நிழல் விழுந்து வயக்காட்டு வரப்பு மாதிரி தெரியும். அதிகமாகத் தெரிந்தால் சாஃப்ட் ஷீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது பட்டியைத் திரும்பப் பார்த்துவிட்டுச் சாட்டினுக்குப் போங்கள். சுவரின் உச்சியில் டியூப்லைட் மாட்டியிருக்கிற வீடுகளில் இந்த வெளிச்சம் தினமும் விழும் என்பதால், அங்கே சாட்டின் ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது மகன் சொல்லாமல் விட்டது. பிசுபிசுப்பைக் கழுவாமல் அதன் மேல் எந்தப் பெயிண்டையும் அடிக்கக்கூடாது, எண்ணெய் மேல் தண்ணீர்ப் பெயிண்ட் ஒட்டாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இருந்தாலும் பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் ஸ்க்ராப்பரால் நாலு இழு இழுத்துவிட்டு ரோலரை எடுத்துவிடுகிறார்கள். முதலில் அடுப்படிக்குப் போகிற கரண்டை மெயினில் அணையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம், பிசுக்கு மோசமாக இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் சலவை சோடா, கையில் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. சோடா போட்ட இடத்தை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைக்க வேண்டும், சோடா தங்கினாலும் பெயிண்ட் பிடிக்காது. இரண்டு நாள் காயட்டும். பிறகு எமரி ஷீட் போட்டு லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, பழுப்புக் கறை இன்னும் தெரிகிற இடங்களுக்கு அடிக்கோட்டாகத் தின்னரில் கலக்கிற பிரைமர். வாட்டர் பிரைமர் போட்டால் கறை கரைந்து மேலே வந்துவிடும், நாலு கோட் அடித்தாலும் எட்டிப்பார்க்கும்.

120 சதுர அடிக்கு, இரண்டு கோட்டுக்கு, ஒரு லிட்டர் இழுபறியாக வரும். ஒரு லிட்டர் டப்பா இரண்டாக வாங்கினால் மிச்சத்தை மூடி வைக்கலாம். அடித்த பிறகு ஒரு மாதம் ஈரத்துணி போட்டுத் தேய்க்க வேண்டாம், கைக்குக் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே இறுக நாளாகும்.

கேள்வி (ஈரோட்டு வாசகர்): குக்கர் வால்வு பிடுங்கிக்கொண்டு பருப்பு சீலிங் வரை அடித்துவிட்டது. வீட்டுக்காரம்மா துணி சோப்புப் போட்டுத் தேய்க்க, மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது! இது என்ன கூத்துங்க?

பதில்: மஞ்சள் சந்தையும் 2019-ல் வாங்கின புவிசார் குறியீடும் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வருகிறதல்லவா, துணி சோப்பின் காரத்துக்கும் அதே சிவப்புதான். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒற்றினால் மறுபடி மஞ்சளாகும், ஆனால் போகாது. துணியில் என்றால் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். சீலிங்கைக் கழற்றி வெயிலில் போட முடியாதே.

உங்களுடையது மேட் என்றால் உள்ளே இறங்கியாகிவிட்டது. அந்த இடத்துக்குத் தின்னர் பிரைமர் ஒரு கோட், மேலே பழைய டப்பாவில் மிச்சமிருக்கிற அதே மேட்டால் தொட்டுவிட்டால் போதும், தெரியாது. மேட்டின் ஒரே பெரிய சௌகரியம் இது. சாட்டினில் இப்படி ஒட்டுப்போட்டால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மினுங்கும், சீலிங் முழுவதும் அடிக்க வேண்டிவரும். அதற்குப் பதிலாகச் சாட்டினில் பட்ட உடனே ஈரத்துணியால் வழித்திருந்தால் கறையே பிடித்திருக்காது. குக்கரில் பருப்பைப் பாதிக்கு மேல் வைக்க வேண்டாம் என்றும் வீட்டில் சொல்லுங்கள். சொல்கிற விதத்தில் சொல்லுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி, தோப்பு வீடு): மழைக்காலம் வந்தால் அடுப்படி மூலையில் சீலிங் கருப்புப் புள்ளியாகப் பூக்கிறது. பூஞ்சை பிடிக்காத பெயிண்ட் என்று விற்கிறார்களே, அது அடித்தால் நிற்குமா?

பதில்: கொஞ்ச நாள் நிற்கும். ஆனைமலைக்கு அடியில் இருக்கிறீர்கள், தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உங்களுக்கு உண்டு, தோப்பு நிழல் வேறு. பூஞ்சைக்குத் தேவை ஈரம், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் டப்பாவை நம்பினால் அடுத்த வருசமும் இதே கடிதம் எழுதுவீர்கள்.

மூலையில் மட்டும் என்றால் இரண்டில் ஒன்று. மேலே மாடியின் அந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, அல்லது கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடம் விரிந்திருக்கிறது. மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் மேலே ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். மாடியில் ஒன்றும் இல்லை, கீழே சாதம் வடிக்கிற நீராவிதான் போய்க் குளிர்ந்த மூலையில் படிகிறது என்றால், எக்ஸாஸ்ட் ஃபேன்தான் மருந்து. அடுப்பைப் பற்றவைக்கும்போதே அதைப் போட்டு, இறக்கின பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். சிம்னி வைத்திருந்தால் குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். வடிகட்டி வழியாக உள்ளேயே திருப்பி விடுகிற வகை எண்ணெயைக் கொஞ்சம் பிடிக்கும், நீராவியை ஒன்றும் செய்யாது.

இருக்கிற பூஞ்சையை உலர்ந்த பிரஷ் போட்டுத் தேய்த்து வீடெல்லாம் பரப்பாமல், பிளீச்சிங் கரைசலில் நனைத்துக் கால் மணி நேரம் விட்டுத் துடைத்து எடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். கக்கூஸ் கழுவுகிற ஆசிடை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். நன்றாகக் காய்ந்த பிறகு பூஞ்சைத் தடுப்புள்ள சாஃப்ட் ஷீன் அடியுங்கள், அப்போது அந்த டப்பா தன் வேலையைச் செய்யும்.

கேள்வி (பவானி): அப்பாரு காலத்து வீடு. அடுப்படி சீலிங்கில் பழைய ஆயில் பெயிண்ட் பாளம் பாளமாக நிற்கிறது. மிஷின் வைத்துத் தேய்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பழைய ஆயில் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்கிற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மிஷின் போட்டால் அந்தத் தூள் அரிசி டின் வரைக்கும் போகும், சின்னக் குழந்தை இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, விழுந்ததை ஈரத்துணியால் அள்ளுங்கள். பிடிப்பாக நிற்கிற இடத்தை மினுமினுப்புப் போகிற அளவுக்கு ஈர எமரியால் தேய்த்தால் போதும், அதன் மேல் பிரைமர் நிற்கும்.

கேள்வி (திருப்பூர், லைன் வீட்டில் குடியிருப்பவர்): எங்களுக்குச் சிமெண்ட் ஷீட் கூரைதான் அண்ணா. அடுப்புக்கு மேலே கரி. தேய்த்துவிட்டு வெள்ளை அடிக்கலாமா?

பதில்: தேய்க்காதீர்கள் தம்பி. பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும், உரசினால் அது காற்றில் கலந்து நெஞ்சுக்குள் போகும். ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, பிரைமர், மேலே சாஃப்ட் ஷீன். ஓட்டையும் போடவேண்டாம். செலவை வீட்டுக்காரர் ஏற்க வேண்டும் என்பது என் கட்சி, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (கோபி): ஆடியில் பெயிண்ட் வேலை ஆரம்பிக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: பெரியவர்களோடு மல்லுக்கட்ட நான் வரவில்லை. ஆனால் ஆடியில் யாரும் கூப்பிடாததால் நல்ல பெயிண்டர்கள் சும்மா இருப்பார்கள், கூலியும் பேசிக் குறைக்கலாம், ஐப்பசி கார்த்திகை மழைக்குள் வேலையும் முடிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஈர சீலிங்கில் அப்பிவிடும், அதனால் முதல் கோட் காய்கிற நாலு மணி நேரம் மேற்குப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தி வையுங்கள்.