கை வலி உள்ள அம்மாவுக்கு எடை குறைந்த .22 மேக்னம் ரிவால்வர் சரிப்படுமா?

அம்மாவுக்கு 61 வயது, இரண்டு கையிலும் மூட்டு வலி, ‘சுடும்போது கையை உதைக்கவே உதைக்காது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் எடை குறைந்த சின்ன .22 மேக்னம் ரிவால்வர் ஒன்றை வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதாமல் நகர முடியவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் உங்கள் அம்மாவின் இடத்தில் நான் இருந்தேன். இப்போது எனக்கு 58. வலது கட்டைவிரலின் அடி மூட்டு தேய்ந்துவிட்டது. தனியாக இருக்கும் நேரம் அதிகம் என்பதால், முறைப்படி உரிமம் எடுத்து, இதே வகை ரிவால்வரை வாங்கினேன். இன்றும் அதுதான் என்னிடம் இருக்கிறது.

உதைக்காது என்பது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. இந்தத் துப்பாக்கியில் கையைச் சோதிப்பது ட்ரிகர். அதை ஏன் யாருமே முதலில் சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வாங்கப் போன அன்று கடையில் இருந்தவர் ‘பெண்களுக்கு இதைவிட நல்லது கிடையாது’ என்றார். அதைக்கூட என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். என் கணவருக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, பேச்சுத் துணைக்கு வந்தவர். எடை என்ன, எத்தனை தோட்டா, எந்த உறையில் வைக்கலாம், எல்லாம் அவரிடமே சொல்லி முடித்தார். வெறும் துப்பாக்கியை என் கையில் கொடுத்து ‘ஒரு முறை இழுத்துப் பாருங்கள்’ என்று சொல்ல மட்டும் தோன்றவில்லை. அலுமினிய உடல், அரைக் கிலோவுக்கும் குறைவு, உள்ளங்கையில் அடங்குகிறது. சரி, இதுதான் எனக்கு என்று நானும் நம்பிவிட்டேன்.

முதல் நாள் ரேஞ்சில் (சுடப் பழகும் இடம்) குறி ஏழு மீட்டர் தூரத்தில். இழுக்கிறேன், இழுக்கிறேன், விரல் வெளுத்துப் போகிறது, ட்ரிகர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் வெடித்தபோது குழல் முனையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பந்து. காதை மூடும் மஃப் போட்டிருந்தும் அந்தச் சத்தம் பல்லில் இறங்கியது. (அன்றிலிருந்து காதுக்குள் பிளக், அதன்மேல் மஃப், இரண்டும் இல்லாமல் நான் சுடுவதில்லை. உங்கள் அம்மாவுக்கும் இரண்டையும் போட்டுவிடுங்கள்.) கட்டைவிரல் வலிக்கவே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காகிதத்தைப் பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழே இடப்பக்கமாகக் கிடந்தன. இரண்டு தோட்டா வெடிக்கவும் இல்லை.

அப்புறம் ரேஞ்சில் பழக்கமான ஒருவர் ட்ரிகர் இழுப்பை அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார். ஆறு கிலோவைத் தாண்டியது. அரைக் கிலோகூட இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதில் ஆறு கிலோ இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் துப்பாக்கியே சேர்ந்து அசையாமல் என்ன செய்யும்? கனமான துப்பாக்கி என்றால் அதன் எடையே அதைக் கொஞ்சம் அசையாமல் பிடித்து வைக்கும். இதில் அந்த உதவி கிடையாது.

ஏன் இவ்வளவு கடினம்? சென்டர்ஃபயர் தோட்டாவில் பின்பக்கம் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் ஒரு தனிப் பிரைமர் இருக்கும், துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால் போதும். .22 மேக்னம் ரிம்ஃபயர் வகை, அதில் பற்றும் மருந்து தோட்டாவின் விளிம்பு மடிப்புக்குள் பரவியிருக்கும். ஊசி அந்தப் பித்தளை விளிம்பையே நசுக்க வேண்டும். சின்ன உடலுக்குள் ஊசியைத் தட்டும் ஹேமரும் சின்னது, எடை இல்லாதது. அந்தக் குறையை ஸ்பிரிங்கைக் கடினமாக வைத்துத்தான் சரிக்கட்டுகிறார்கள். அந்த ஸ்பிரிங்கின் பாரம் முழுக்க நம் ஆள்காட்டி விரலில்.

இது புரியாமல் நான் செய்த தவறு ஒன்று உண்டு. துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவர், மெல்லிய ஸ்பிரிங் போட்டால் வெண்ணெய் போல வரும் என்றார். போட்டோம். உண்மையிலேயே சுகமாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு பெட்டி, 50 தோட்டா சுட்டதில் ஒன்பது வெடிக்கவில்லை. வெடிக்காதவற்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் ஊசி பட்ட தடம் நகக்கீறல் அளவுக்குத்தான் இருந்தது. நன்றாக வெடித்த பழைய தோட்டாக்களின் உறைகளில் அந்தக் குழி ஆழமாக, ஓரம் தெளிவாக இருக்கும். பாதுகாப்புக்கு வைத்திருக்கும் ஒன்றில் ஐந்துக்கு ஒன்று கைவிட்டால் என்ன செய்வது? பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடச் சொன்னேன். அந்த மனிதர் அதற்கும் கூலி கேட்டார்.

வெடிக்காவிட்டால் குழலைக் குறிப் பக்கமே வைத்து முப்பது வினாடி பொறுத்து, பிறகுதான் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. இதை அம்மாவுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

கை வலி என்று நீங்கள் எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது துப்பாக்கி விஷயம் இல்லை. என் கட்டைவிரல் வலியை மூன்று வருடம் ஒரு மருத்துவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ‘வயதானால் வலிக்கத்தான் செய்யும்’ என்று மாத்திரை எழுதி அனுப்பினார்கள். ஜாடி மூடி திறக்க முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நான்காவதாகப் பார்த்தவர்தான் விரலை அழுத்திப் பார்த்து, மூட்டுத் தேய்மானம் என்று பெயர் சொல்லி, கட்டைவிரலுக்கு ஒரு பட்டை கொடுத்தார். நடுத்தர வயதைக் கடந்த பெண்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருவதாம். அப்படியிருந்தும் மூன்று வருடம் வீணாகப் போனது. உங்கள் அம்மாவுக்கு எந்த மூட்டில் வலி என்று யாராவது சரியாகப் பார்த்தார்களா? அதை முதலில் கேளுங்கள். கட்டைவிரலில் என்றால் ஒரு கதை, ஆள்காட்டி விரலில் என்றால் முற்றிலும் வேறு கதை. ஆள்காட்டி விரல் மூட்டு என்றால் இந்த ரிவால்வர் வேண்டவே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங்கை மாற்ற முடியாது என்றதும் விரலைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சிலிண்டரில் பிளாஸ்டிக் போலித் தோட்டாக்களைப் போட்டு, தினமும் இருபது முறை இழுத்தேன். தோட்டா உட்காரும் அறை (சிலிண்டரில் உள்ள துளை) வெறுமையாக இருக்கும்போது இழுக்கக் கூடாது. ரிம்ஃபயரில் ஊசி போய் அறையின் ஓரத்தில் இடித்து இரண்டையும் கெடுத்துவிடலாம். குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு, அது விழாமல் இழுக்கப் பழகினேன். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் கீழே விழுந்தது. நான்கு மாதம் ஆனது, விழாமல் நிற்க. இப்போது ஏழு மீட்டரில் ஒரு சிலிண்டர் முழுவதும் என் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகிறது. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

சுட்ட உறைகளை வெளியே எடுப்பதும் கட்டைவிரலுக்குச் சோதனை. மேக்னம் உறை ஓர் அங்குலத்துக்கும் நீளம், தள்ளும் கம்பியோ குட்டை. சூட்டில் உறை வீங்கி அறையோடு ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அழுதிருக்கிறேன். இப்போது குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, கம்பியை உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே தட்டு. பாதி வெளியே வந்து நிற்பவற்றை நகத்தால் இழுத்துவிடுவேன். எரியாத மருந்துத் துகள், உறைகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுற்றாது. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் எப்போதும் என் பையில் இருக்கும்.

‘இந்தக் குட்டித் தோட்டாவால் என்ன பயன், பெரிய தோட்டா போடும் .38 ஸ்பெஷல் வாங்கச் சொல்லாமல்’ என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தெரியும். 1959ல் வந்த இந்தத் தோட்டா பெரும்பாலும் ரைபிளை நினைத்துச் செய்தது. ரைபிளில் வினாடிக்கு 570 மீட்டர் வரை போகும் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டு, இரண்டு அங்குலக் குழலில் 300 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். எரிந்து முடியாத மருந்துதான் அந்த ஆரஞ்சுப் பந்து. குட்டைக் குழலுக்கென்றே செய்த தோட்டாக்கள் இருக்கின்றன, அவற்றையே தேடி வாங்குங்கள். நான் இலகுவான .38ஐயும் சுட்டுப் பார்த்தேன். ஐந்தே தோட்டா, இரண்டு நாள் கட்டைவிரல் வீங்கிக் கிடந்தது. வீக்கத்துக்குப் பயந்து பழகாமல் பெட்டியில் தூங்கும் .38ஐவிட, மாதம் 50 தோட்டா சுட்டுப் பழகும் .22 மேக்னம் எனக்கு மேல். என் கைக்கு இது. உங்கள் கைக்கு வேறாக இருக்கலாம், சண்டைக்கு வர வேண்டாம்.

விலை குறைவு என்று மேக்னம் அல்லாத சாதாரண .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டாவை இதில் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அதன் உறை ஒல்லி, மேக்னம் அறையில் தளர்ந்து உட்கார்ந்து வெடிக்கும்போது பிளந்துகொள்ளும், சூடான வாயு பின்னால் அடிக்கும்.

நீங்கள் பரிசாக வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வேண்டாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலியாக இருக்கிறதா என்று இருவரும் பார்த்துவிட்டு, போலித் தோட்டா போட்டு, ஒரு கையால் பத்து முறை, இரண்டு கையால் பத்து முறை இழுக்கச் சொல்லுங்கள். பத்துக்குள் விரல் நடுங்கினால் கனமான இரும்பு உடல் கொண்ட ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாடகைக்குச் சுடக் கிடைத்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் விளக்கத்தை எல்லாம் உங்களைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தால், தயவுசெய்து அம்மாவைக் கைகாட்டுங்கள்.