மனச்சிதைவு உள்ள தம்பியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிடலாமா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். தம்பிக்கு 24 வயது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. சம்பாதிப்பது நீங்கள் ஒருவர்தான், ஆனாலும் வேலையை விட்டுவிட்டு அவனோடு இருந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விடாதீர்கள். நான் விட்டேன், அதனால்தான் முதல் வரியிலேயே சொல்கிறேன்.

நாங்கள் தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறோம். ஒரு ஹால், ஒரு ரூம், ஐந்து பேர். என் தம்பிக்கு இந்த நோய் வந்து 11 வருடம் ஆகிறது. அவன் முதல் முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது நான் மண்ணடியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், அம்மா அழுததைப் பார்க்க முடியாமல் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அப்புறம் காலையிலிருந்து ராத்திரி வரை அவன் முகத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. "மாத்திரை போட்டியா, வாயைத் திற பாக்கலாம்", "ஏன்டா தனியா சிரிக்கிற", "மணி பத்தாவுது, இன்னும் தூங்கினு கீற, எழுந்து குளிடா". பாத்ரூமில் ஐந்து நிமிடம் கூடினால் கதவைத் தட்டுவேன். பாசத்தில்தான் செய்தேன், ஆனால் அவனுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஏழு மாதத்தில் திரும்பவும் அட்மிட். பெட்ஷீட்டை மாற்றும்போது பார்த்தால் பாயின் கீழே நாற்பது மாத்திரைக்கு மேல் கிடந்தது. அவ்வளவு காவல் காத்தும்!

அந்த ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்யும்போது எங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. மாத்திரைச் சீட்டைக் கொடுத்து அடுத்த தேதியைச் சொன்னதோடு சரி. பிறகு வேறு இடத்தில் ஒரு சமூகப் பணியாளர் அம்மா அரை மணி நேரம் ஒதுக்கிச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களிலேயே இதைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து போனவர்களில் யாருக்கு நோய் திரும்புகிறது, யாருக்குத் திரும்பவில்லை என்று. ஓயாமல் குறை சொல்வது, எரிந்து விழுவது, எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்து பொத்திப் பொத்தி வைப்பது, இவை அதிகமாக இருக்கும் வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்பியது. 1970களில் வந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டிலும், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. வீட்டில் சண்டை நடப்பதால் இந்த நோய் வருவதில்லை, உங்கள் அம்மா இதைப் படித்துவிட்டுத் தன்னையே நொந்துகொள்ளக் கூடாது. ஆனால் வந்த நோய் அடங்கி இருப்பதற்கும் வீட்டின் சத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகும் எட்டு மணி நேரம் அவனுக்கும் ஓய்வு, உங்களுக்கும் ஓய்வு. கூடவே மாத்திரைக்கும் வாடகைக்கும் காசு வேண்டாமா?

இன்னொன்றும் அந்தச் சமூகப் பணியாளர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். குரல் கேட்பது, சந்தேகப்படுவது எல்லாம் மாத்திரையில் குறைந்த பிறகும், பேசாமல் இருப்பது, குளிக்கத் தோன்றாதது, எதிலும் ஆசை இல்லாதது ரொம்ப நாள் இருக்கும். அதுவும் நோய்தான். நாம் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டுகிறோம். "நல்லாத்தான் சாப்பிடுறான், வேலைக்குப் போனா என்ன" என்று உங்கள் வீட்டிலும் சித்தப்பாவோ மாமாவோ கேட்பார்கள். பசியும் உடம்பு போடுவதும் சில மாத்திரைகளால் வருவது. பகலில் தூங்கிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேளையையோ அளவையோ மாற்றிப் பார்ப்பார், நீங்களாகப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். தினமும் மாத்திரைக்காகச் சண்டை நடக்கிறது என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, அவனுக்குச் சரிப்படுமா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அந்த ஊசியோடு நின்றது.

சரி, பகலில் அவன் என்ன செய்வான்? அவனுடையது என்று ஒரே ஒரு வேலை கொடுங்கள், சின்னதாக இருக்கட்டும். என் தம்பிக்கு ஆவின் பூத்தில் பால் வாங்கி வருவது. முதல் இரண்டு வாரம் அவன் போகவே இல்லை, நாங்களும் போகவில்லை, அம்மா கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் ஒருநாள் பால் வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நான் மட்டும் சமையல்கட்டில் திரும்பி நின்று அழுதேன். ஒரு வருடம் கழித்துக் காசிமேட்டில் மாமா அவனை வலையில் கிழிசல் பார்க்க உட்கார வைத்தார். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. பக்கத்தில் ஆள் இருக்கும், ஆனால் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, அதுதான் அவனுக்குப் பிடித்தது. மறுவாழ்வு என்று பெரிய வார்த்தையில் சொல்வதை நான் பாலிலும் வலையிலும்தான் பார்த்தேன்.

வடசென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்பதையே திட்டும் வார்த்தையாக வைத்திருக்கிறோம். சின்ன வயதில் நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது யாராவது சொன்னால் நின்று பதில் சொல்கிறேன். அங்கே இருப்பது 1794இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி, இப்போது அரசு நடத்துவது, புறநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கி வருபவர்கள் எத்தனையோ பேர், கௌரவம் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது, இந்த நோய்க்கென்றே வேலை செய்கிறார்கள், குடும்பத்தினரோடும் பேசுவார்கள். வேலூரில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆளும் தங்கித்தான் சிகிச்சை நடக்கும். அதனால் டாக்டரிடம் "எங்களுக்கும் பத்து நிமிஷம் வேணும்" என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு இல்லை, தமிழில் பேசலாம், பார்த்துக்கொள்கிறவர்களும் கூப்பிடலாம். நான் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன், இரண்டு முறையும் தம்பிக்காக இல்லை, எனக்காக.

கோயிலுக்கோ தர்காவுக்கோ அம்மா கூட்டிப்போனால் தடுக்காதீர்கள், மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும். ஆனால் கட்டிப்போடுகிற இடத்தில் விட்டுவராதீர்கள். 2001இல் ஏர்வாடி தர்கா பக்கத்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் இருந்தவர்கள் நெருப்பில் எப்படிச் செத்தார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சங்கிலி போடுவதே குற்றம். அதே சட்டத்தில், தனக்காகப் பேச யார் வேண்டும் என்று உங்கள் தம்பியே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒருவரை நியமிக்கலாம். தெளிவாக இருக்கும் நாளில் எழுதி வாங்குங்கள். அவன் உங்கள் பெயரை எழுதாமல் நண்பன் பெயரை எழுதினால் வருத்தப்படாதீர்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை அது.

அம்மாவிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். "எனக்கப்புறம் இவனை யாரு பாப்பா" என்பதுதான் அவர் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வியாக இருக்கும், எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. ஆறுதல் சொன்னபோது அவள் கேட்கவே இல்லை. அவன் பெயரில் பேங்க் கணக்கு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (மனநோயும் 2016 சட்டத்தில் சேர்ந்திருக்கிறது, 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் அரசு உதவிகளுக்கு வழி உண்டு), தன் மாத்திரைப் பெயரைத் தானே சொல்லத் தெரிவது, ஓ.பி. சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றாக நடந்தபோதுதான் அவள் முகம் மாறியது. அம்மாவின் பிரஷர் மாத்திரையையும் பாருங்கள், அவனைப் பார்க்கிற பரபரப்பில் எங்கள் அம்மா மூன்று மாதம் தன்னுடையதை வாங்கவே இல்லை.

ஒரு கேலண்டரில் அவன் தூக்கத்தை மட்டும் குறித்து வையுங்கள். என் தம்பிக்கு நோய் திரும்பும்போதெல்லாம் முதலில் போனது தூக்கம்தான். இரண்டு மூன்று ராத்திரி விழித்திருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் போகலாம்.

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்புங்கள். சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அந்த மணிக்கு வந்துவிடுங்கள்.